கடைசிப் பெண்ணின் மூக்கு

"கழுத்து பத்தாது எர்கோலே. தெருவுல எது நடந்தாலும் கொக்கு மாதிரி எட்டிப் பாக்கிறவ அவ. இன்னும் நீட்டு" என்றாள் வியோலாந்தே அம்மாள்.

ஓவியன் எர்கோலே தன் பலகைப் படத்தைப் பார்த்தான். போன வாரம் இதே அம்மாள் சொல்லித்தான் அந்தக் கழுத்தை இரண்டு விரல்கடை நீட்டியிருந்தான். இதற்கு மேலும் நீட்டினால் கழுத்தா கிணற்றுக் கயிறா என்று ஊர் கேட்கும்.

"நீட்டிடறேம்மா."

படம் நியோபேயின் கதை. எனக்குப் பதினாலு பிள்ளைகள், தேவதை லத்தோனாவுக்கு இரண்டுதானே என்று வாய்த்துடுக்காகப் பேசிவிட்ட ராணி அவள். அந்த இரண்டும் வில்லோடு வானத்தில் வந்து நின்று பிள்ளைகளை ஒவ்வொன்றாய்ச் சாய்த்தன. மிஞ்சிய கடைசிப் பெண்ணை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டு, இவளையாவது விட்டுவிடு என்று தாய் கெஞ்சுகிற நேரம். அந்தப் பெண்ணுக்குச் செத்துப்போன தன் மகள் லிவியாவின் முகம் வேண்டும் என்றாள் அம்மாள்.

இறந்தவர் முகத்தில் சாந்து அப்பி அச்செடுத்து ஓவியனிடம் கொடுப்பது ஃப்ளாரன்ஸ் வழக்கம். ஒன்பது வயது லிவியாவைக் கொண்டுபோனது கொள்ளைநோய். பிணவண்டி அன்றைக்கே வந்துவிட்டது, அச்செடுக்க யாருக்கும் தைரியமில்லை. எர்கோலேவுக்குத் தாயின் வாய்வார்த்தைதான் ஆதாரம். பெற்றவளுக்குத் தெரியாத முகமா என்று நம்பி இறங்கிவிட்டான்.

அதுவரை அவன் வரைந்ததெல்லாம் கல்யாணப் பெட்டிகளின் மூடிகள். சான் ஜொவான்னி திருவிழாவன்று கடைத்தெருவே தன் நல்ல சரக்கை வாசலில் பரப்பும். இந்த வருஷம் தன் வாசலில் நியோபே நிற்க வேண்டும், பெட்டிக்கார எர்கோலே என்ற பெயர் ஒழிய வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கு முதலில் படம் முடிய வேண்டுமே.

கழுத்தை நீட்டியதும் தலை தாயின் மேலாடைக்கு வெளியே போனது. அதை மறைக்கத் தாயின் கையை நீட்டினான். கை நீண்டதும் ஓரத்தில் செத்துக்கிடந்த மகனுக்கு இடமில்லை. அவனை முறுக்கி மடக்கிப் படுக்கவைத்தான். இப்போது அவன் கால் மேகத்தில் நின்ற லத்தோனாவின் மகன் அப்பல்லோவின் வில்லை இடித்தது.

"அந்தச் சாமி அம்பு விடவே வேணாங்க. இந்தக் கழுத்தோட நிமிர்ந்தாலே பொண்ணு செத்துப்போயிடும்" என்றாள் அவன் மனைவி ஜெம்மா.

"வாயை மூடுடி. துக்க வீட்டுப் படம்."

"துக்கம்தான். நான் வேற என்னத்தச் சொன்னேன்?"

ஞாயிறு பூசை முடிந்ததும் படத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பாலத்தைக் கடந்து அம்மாள் வீட்டுக்குப் போவான். அந்த வீட்டில் ஜன்னல்கள் சாத்தியே இருக்கும். அம்மாள் முகத்திலிருந்த கறுப்புத் திரை விலகி அவன் பார்த்ததில்லை. வேலைக்காரி தோமெனிக்கா கையைப் பிடித்து நடத்திவந்து உட்காரவைப்பாள். துக்கம் காக்கிற வீடு அப்படித்தான் இருக்கும் என்று அவனும் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

"இன்னைக்கு என்ன மாத்தினே? ஒண்ணுவிடாம சொல்லு."

பரீட்சை வைக்கிறாள் என்று பயந்து ஒப்பிப்பான். "கன்னத்துல குழி வெச்சிருக்கேம்மா."

"சிரிச்சாத்தான்டா அவளுக்குக் குழி விழும். அம்பு வர்ற நேரத்துல எவ சிரிப்பா?"

"அப்ப எடுத்திடறேன்."

"எதுக்குச் சிரிப்பான்னு கேக்க மாட்டியா?"

கேட்பான். கோழிக்குஞ்சைச் சட்டைக்குள் ஒளித்துக் கோயிலுக்குக் கொண்டுபோனதையும், பாதிரியார் வாய் திறக்கும்போதெல்லாம் அது பதில் சொன்னதையும் அவள் சொல்வாள். எர்கோலேவும் சிரித்துவிடுவான். கடைசியில் ஒரு பெருமூச்சு வரும்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ இல்லே. அடுத்த வாரம் கொண்டா."

திருவிழா நெருங்கிவிட்டது. மூக்கை மாற்றினான், கண் ஒன்றரைக் கண்ணாகத் தெரிந்தது. கண்ணைத் திருத்தப்போய் வாய் கோணியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. ஆத்திரத்தில் கத்தியை எடுத்து முகத்தையே சுரண்டிவிட்டான். வெறும் பலகை தெரிந்தது. அப்புறம் உட்கார்ந்து அழுதான். வாசலில் நிற்கப்போகாத படத்துக்காகவா, பார்த்தே இராத ஒரு குழந்தைக்காகவா என்று அவனுக்கே விளங்கவில்லை.

ஜெம்மா கிண்டல் செய்யவில்லை. "என்னால முடியலேன்னு போய்ச் சொல்லிட்டு வந்திடுங்க" என்றாள்.

போனான். படத்தின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தான். "அம்மா, என்னை மன்னிக்கணும்..."

"பேசாதே. இன்னைக்கு நானே பாத்துக்கறேன்."

தோமெனிக்காவின் தோளைப் பிடித்து எழுந்து வந்து, படத்தின் எதிரே நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"எர்கோலே, இந்தத் தடவை ரொம்பக் கிட்ட வந்துட்டே. கண்ணு அவ கண்ணேதான்." கொஞ்சம் யோசித்தாள். "மூக்குதான் ஒரு நூல் நீளம். அடுத்த வாரம் சரிபண்ணிக் கொண்டா."

எர்கோலே பலகையைப் பார்த்தான். அதில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை.

தோமெனிக்கா அவனை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். கதவில் கைவைத்தபடி மெல்லச் சொன்னாள்:

"பாப்பா போயி ஒரு வருஷத்துல அம்மாவுக்குக் கண்ணும் போயிடுச்சுங்கய்யா. படம் முடிஞ்சிட்டா, பாப்பா எப்படி இருந்துச்சுன்னு கேக்க இந்த வீட்டுக்கு யாருங்க வருவா?"