சீர்த்தட்டில் ஆறு குறைகிறது

அன்புள்ள சுரேஷ்கண்ணன் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் சுபாஸ்ரீ நடுங்கிக்கொண்டே எழுதுவது. மாடியிலிருந்து குறட்டை கேட்பதால் நீங்கள் சுகம் என்று தெரிகிறது. நான் சுகமில்லை. போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். இதை உங்கள் ஹெல்மெட்டுக்குள் வைப்பேன்.

நாளை நம் சினேகா அக்காவின் நிச்சயத்துக்கு வைக்கும் சீர்த்தட்டில் ஒரு சாக்லேட் பெட்டி இருக்கிறதே, அது உத்தமபாளையத்தில் அனிதா மேரி அக்கா கடையில் அம்மாவும் நானும் போய் வாங்கியது. பெல்ஜியம் நாட்டு முறையில் அவரே கையால் செய்கிறார். ருசி பார்க்க ஒன்று கொடுத்து, "கடிக்காத பாப்பா, நாக்குல வச்சுட்டுச் சும்மா இரு" என்றார். "கடிக்காமத் திங்க இதென்ன மாத்திரையா?" என்று கேட்ட அம்மா, தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். நான் சும்மா இருந்தேன் மாமா. மெல்லிய ஓடு தானாக உருகியது. உள்ளே இருந்து ஏலக்காய் மணத்தோடு பாலாடை மாதிரி ஒன்று இறங்கியது. இத்தனை நாள் சாக்லேட் என்று நான் தின்றதெல்லாம் மெழுகுவர்த்தி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று நினைத்து அம்மா தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

பெட்டியில் வரிசைக்கு ஏழாக மூன்று வரிசை, இருபத்தொன்று. "சீருல எதுவும் ரெட்டைப்படையா இருக்கக் கூடாது, மாப்பிள்ளை வீட்டுல எண்ணிப் பார்ப்பாக" என்று அம்மா நாலு தடவை சொன்னாள். ராத்திரி நான் ஒன்றே ஒன்றுதான் எடுத்தேன். இருபது ஆகிவிட்டது. இரட்டைப்படை! அக்கா வாழ்க்கைக்காக இன்னொன்றைத் தின்றேன். அதற்குள் நம்ம ஊர் பன்னீர் திராட்சை இருந்தது மாமா, அதைப் பற்றித் தனிக் கடிதம் எழுத வேண்டும். இப்போது பத்தொன்பது, ஆனால் ஒரு வரிசை மட்டும் பல் விழுந்த மாதிரி இருந்தது. மற்ற இரண்டு வரிசையையும் ஐந்தைந்தாக்கிச் சமப்படுத்தினேன். பதினைந்து. ஒற்றைப்படைதான், ஆனாலும் பெட்டியில் ஆறு குழி காலி. காலையில் அம்மா பார்த்தால் என் தோலை உரிப்பாள். அதைவிட, மாப்பிள்ளை வீட்டார் பார்த்து அக்காவை ஒரு சொல் சொல்லிவிட்டால்?

ஆகவே விடியுமுன் பைக்கில் போய் ஆறு மட்டும் வாங்கி வாருங்கள். அனிதா மேரி அக்கா கடைக்குப் பின்னால்தான் குடியிருக்கிறார், கதவைத் தட்டலாம். அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள். இனி என் ஆயுளில் சாக்லேட்டைத் தொட மாட்டேன். உங்களுக்கும் சீக்கிரம் நல்ல இடத்தில் பெண் அமைய வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாவம் செய்த சுபாஸ்ரீ

பி.கு.: மாமா, இப்போதுதான் அம்மா எழுந்து வந்தாள். டார்ச்சை அணைத்துவிட்டேன். அவள் விளக்குப் போடாமல் பெட்டியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டாள். ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு விரலால் தடவி எண்ணினாள். இன்னொன்றும் போட்டுக்கொண்டாள். அப்புறம் திரும்பாமலே, "ஏ புள்ள, முழிச்சிருந்தா இங்கன வா. பதிமூணு ராசியில்லாத நம்பராம். ஆளுக்கு ஒண்ணு தின்னா பதினொண்ணு ஆயிரும்" என்றாள். ஆகவே ஆறு போதாது. பத்து வாங்கி வாருங்கள். அக்காவிடம் மூச்சு விட வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள்.