சித்தப்பா அனுப்பிய விளக்கு

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். அப்பா வழக்கமான அளவுக்கு நலம். சித்தியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விளக்கு வந்தது. நன்றி. இந்த ஒரு சொல்லோடு நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை.

வேலையை விட்டுவிட்டு நான் வீடியோ எடுத்த முதல் கல்யாண ரிசப்ஷனின் கதை உங்களுக்குத் தெரியும். கேமராவின் தலையில் சின்ன விளக்கு. நான் யார் பக்கம் திரும்பினாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் தாய் கடைசிவரை திறக்கவேயில்லை. அப்பா வீடியோவைப் பார்த்தார். "இது ரிசப்ஷனா, தியான வகுப்பா?" பிறகு, சிரிக்காமல்: "இன்னொண்ணு எடுத்துப் பாரு. அதுவும் சொதப்பினா திங்கட்கிழமை பழைய ஆபீசுக்கே போயிடு. உன் நாற்காலி காலியாத்தான் இருக்காம்." விசாரித்திருக்கிறார்.

அன்று உங்களிடம் போனில் அழுதேன். "அழாதடா கண்ணு. நான் ஒரு லைட் அனுப்புறேன். மண்டபமே மயங்கிடும்" என்றீர்கள். அதற்குப் பிறகு எனக்கு வேறு பேச்சே இல்லை. விளக்கு கேமராவை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும், ஆள் உயரத்துக்கு மேலே, பக்கவாட்டில், வெளிச்சம் குடையில் பட்டு மெத்தென்று விழ வேண்டும் என்று தினமும் சாப்பிடும்போது விளக்கினேன். அப்பா சொன்னதெல்லாம் "சாப்பாடு ஆறுது" மட்டும்.

ஒன்பதாம் நாள் வாசலில் பெட்டி, உள்ளே விளக்கு, ஸ்டாண்டு, வெள்ளைக் குடை. அனுப்பியவர் பெயர் இல்லை. "உன் சித்தப்பனாத்தான் இருக்கும். அவனுக்கு வேற என்ன வேலை" என்றார் அப்பா, செய்தித்தாளை இறக்காமல்.

இரண்டாவது ரிசப்ஷன் அன்று மண்டபத்தில் மேடைக்குப் பின்னால்தான் ஒரே ஒரு பிளக் இருந்தது, நீங்கள் வைத்த நீள ஒயர் அங்கே போயும் மிச்சம் இருந்தது, வெள்ளைக் குடையைப் பார்த்த ஒரு பெரியவர் "உள்ளேயே மழை வருமா?" என்று கேட்டுவிட்டு அதன் கீழேயே நாற்காலி போட்டுக்கொண்டார், ஒரு அம்மா ஸ்டாண்டில் கைப்பையை மாட்டிவிட்டு மறந்து போனார், மாப்பிள்ளையின் நண்பர்கள் அவனைத் தோளில் தூக்கி ஆடிக்கொண்டே நேராக விளக்கின்மேல் வந்து விழுந்தார்கள், அவர்கள் விழுந்தார்கள், விளக்கு விழவில்லை, ஏனென்றால் ஸ்டாண்டின் ஒவ்வொரு காலிலும் மணல் மூட்டை, மூட்டைக்கு இரட்டைத் தையல், இருட்டிலும் தெரியும்படி மஞ்சள் கறுப்பு டேப், அப்புறம் கரண்டே போச்சு, அப்பவும் பேட்டரியில எரிஞ்சுது சித்தப்பா, அந்த ஒண்ணு மட்டும் எரிஞ்சுது.

தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் அப்பாவுக்குத்தான் இப்படி எல்லாவற்றிலும் ஆபத்து தெரியும் என்று நினைத்திருந்தேன். உங்களுக்கும் அந்தக் குணம் உண்டு என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஒரே ரத்தம்தானே.

அந்த ஒற்றை வெளிச்சத்தில் ஒரு காட்சி கிடைத்தது. பெண்ணின் தகப்பன். மேடை ஓரம். பாதி முகம். கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருக்கிறார்.

அப்பா அதை இரண்டு முறை பார்த்தார். "கண்ணு தெரியுது" என்றார். அறைக்குள் போய்விட்டார். திங்கட்கிழமை வந்தது. போனது. நாற்காலியைப் பற்றிப் பேச்சில்லை.

சித்திக்கு என் அன்பு. நீங்கள் இருக்கும் திசைக்கு விளக்கைத் திருப்பி வைத்து வணங்குகிறேன்.

என்றும் நன்றி மறவாத,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வாசல் மணி. உங்கள் பார்சல். உங்கள் கையெழுத்து. உள்ளே, சுழன்று சுழன்று ஏழு நிறம் அடிக்கும் உருண்டை விளக்கு.

அப்பாவிடம் போய் நின்றேன். "அப்போ அது யாருப்பா அனுப்பினது?"

செய்தித்தாள் இறங்கவில்லை. "அந்த ஸ்டாண்டோட நடுத் திருகை வாரம் ஒரு தடவை முறுக்கணும். லூசாயிடும்."

ஆகவே, மேலே உள்ள நன்றி முழுவதையும் தயவுசெய்து உங்கள் அண்ணனுக்கு அனுப்பி வைக்கவும். நான் நேரில் சொன்னால் அறைக்குள் போய்விடுவார். உங்கள் விளக்கை ஹாலில் போட்டிருக்கிறேன். செய்தித்தாள் இப்போது பச்சையாக இருக்கிறது. இன்னும் இறங்கவில்லை.