மானின் பக்கம் நின்ற பெட்டிசம் அண்ணை

தகரக் கூரையில் தூறல் விட்டுவிட்டு விழுந்தால் எனக்கு மழை ஞாபகம் வருவதில்லை. இரண்டு விரலால் தட்டச்சடிக்கும் பெட்டிசம் அண்ணைதான் ஞாபகம் வருவார். உலகத்து மிருகங்களுக்கு அவரைவிட நல்ல சட்டத்தரணி வாய்த்ததில்லை. கடிக்கிற நுளம்புக்குக்கூட.

மாவட்டச் செயலகமான திருகோணமலைக் கச்சேரிக்கு எதிரே, வாகை மரத்தடியில் ஒரு மேசை, இரண்டு கதிரை. முறைப்பாட்டோடு வருகிறவர்களுக்கு அங்கிருந்து பெட்டிசம் என்கிற மனு அடித்துக் கொடுப்பார். ஒரேயொரு நிபந்தனை: மனிதர் சண்டைக்குள் மிருகத்தை இழுக்கக் கூடாது.

கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் நானா வந்தார். "எழுதுங்க. அடுத்த வளவுக்காரன் மிருகத்தனமா எங்கட வேலியைத் தள்ளிப் போட்டிருக்கான்."

அண்ணை விரலை எடுத்துவிட்டார். "எந்த மிருகம் நானா வேலி தள்ளிப் போட்டது? மாடா, ஆடா?"

"அது சும்மா ஒரு கதைக்குச் சொல்றது."

"போட்டதும் மனிசன், தள்ளினதும் மனிசன். மனிசத்தனமா எண்டு அடிக்கிறன்."

அப்படியே அடித்தார். 'மனிசத்தனமான தாக்குதல்', 'மனிசத்தனமான ஏமாற்று' என்று கச்சேரிக்குள் கடிதங்கள் குவிந்தன. பாராட்டுக் கடிதங்களாக்கும் என்று வேறு பைலில் போட்டார்களாம்.

என் முறையும் வந்தது. ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகம், பத்து மணிக்கு. எங்கள் ஊரில் மான்கள் தெருவில் திரியும், கடதாசி கண்டால் விடாது. தெரிந்தும் கச்சேரிக்கு முன்னால் பைலைச் சைக்கிள் கரியரில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பினால் ஒரு கொம்பு மான் என் பட்டச் சான்றிதழை மென்றுகொண்டு நிற்கிறது. பெயர் போய்விட்டது. பட்டமும் போய்விட்டது. பல்கலைக்கழக இலச்சினை மட்டும் வாயோரம் தொங்கியது. அதைப் பறித்துக்கொண்டு ஓடினேன்.

"அண்ணை, அந்த எருமை என்ர வேலையைத் திண்டிட்டுது! ஒரு கடிதம் அடிச்சுத் தாங்கோ!"

"எருமை இந்தப் பக்கம் வரேல்லை. திண்டது மான்."

"சரி, மான்! கள்ள மான்!"

"கள்ளனெண்டா ஒளிச்செல்லோ தின்னுவான். இது நடுறோட்டில நிண்டெல்லோ திண்டது."

எனக்கு அழுகை வந்தது. மணி ஒன்பதரை. அவர் அவசரமில்லாமல் தாள் செருகி அடித்தார்: 'மேற்படி மான் தன் இயல்பின்படி நடந்துகொண்டது. கவனமின்றி வைத்த குற்றம் முழுவதும் என்னுடையது.'

"இதைக் குடுத்தா வேலை தருவினமோ அண்ணை?"

"தெரியாது. ஆனா பொய்யில்லை. கையெழுத்தை வையும்."

நேர்முகம் நடத்திய அம்மா வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "எல்லாரும் எங்கட கந்தோரிலதான் பிழை எண்டு எழுதித் தாறவை. தன்ர பிழை எண்டு எழுதின முதல் ஆள் நீர்தான். ரெண்டு கிழமைக்குள்ள சான்றிதழுக்குப் புதுப் பிரதி எடுத்துக்கொண்டு வாரும்."

நியமனம் கிடைத்தது, தூரத்து மலைநாட்டில். நான் வெளிக்கிட்ட அன்று அண்ணை பஸ் நிலையம்வரை நடந்து வந்தார். வேலை நேரத்தில் அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பி நான் கண்டது அன்றைக்குத்தான். பஸ் உறுமும்வரை யன்னலுக்குக் கீழே நின்றார்.

"மானுக்கு நான் ஒரு பக்கம்தான் அடிச்சனான்," என்றார். "அங்க ஆரும் உமக்குக் கரைச்சல் குடுத்தா அறிவியும். பக்கம் பக்கமா அடிப்பன்."