தங்கள் தங்கை வாளெடுத்த விவரம்

வூர்ட்ஸ்பூர்க்,
மார்ச், ஒரு சனிக்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் ஓட்ஃப்ரீட் அவர்களுக்கு,

எக்கஹார்ட் எழுதிக்கொள்வது. என் வலது கட்டைவிரலைத் தவிர இங்கே எல்லாம் நலம். தங்கள் இடுப்பு வலி தேவலையா? தங்கள் தங்கை வால்புர்கா, கல்யாணமான புதிதில்கூட இல்லாத அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றது முதல், வீட்டு வேலைகளில் அவளுக்கு நான் ஒத்தாசையாக இருந்துவருவது தங்களுக்குத் தெரியும். மிளகு, சீரகப் புட்டிகளை அகர வரிசையில் வைத்தேன், ஜன்னல் திரை இடப்பக்கம் தாழ்ந்திருப்பதை மட்டம் பார்த்து நிரூபித்தேன், அவள் பாத்திரம் கழுவும் மெஷினில் அடுக்கிய தட்டுகளை எடுத்து ஒழுங்காகத் திரும்ப அடுக்கினேன், இப்படி எத்தனையோ. அப்படியிருக்க, இலையுதிர் காலத்திலிருந்து அவள் வியாழக்கிழமை சாயங்காலமானால் நீளப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தாள். கேட்டால் சேர்ந்திசை வகுப்பு என்றாள். பாட்டுப் பாடிவிட்டு வருகிறவளுக்கு முன்கை ஏன் கன்றிப்போகிறது என்று கேட்டேன். "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள். எங்கள் வீட்டுக் கதவுகளையெல்லாம் பரிசோதித்தேன். எதுவும் அந்த உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. வேறொரு ஆண் இருக்கிறான் என்று முடிவுசெய்து, ஒரு வியாழனன்று பின்னாலேயே போனேன்.

ஆண் இருந்தான், ஆனால் நிறையப் பேர் இருந்தார்கள். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடம் அது. எல்லோரும் பஞ்சடைத்த கறுப்புச் சட்டையும் கம்பி வலை முகமூடியும் போட்டு, மழுங்கடித்த நீள வாள்களால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மண்டையில் நங்கென்று வாங்கினான். வாங்கியவன் முகமூடியைக் கழற்றிக் கலகலவென்று சிரித்தான், பார்த்தால் அது தங்கள் தங்கை. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எனக்கு ஞாபகமில்லை.

தேனீ வளர்க்கும் டீட்லிண்டே என்ற அம்மாள்தான் அங்கே வாத்தியார். "சும்மா நின்னு வேடிக்கை பார்க்கறவங்களுக்கு இங்க இடமில்லை, சார். ஒண்ணு கிளம்புங்க, இல்லைன்னா சட்டையை மாட்டுங்க" என்றாள். கிளம்பினால் வால்புர்காவை அவர்களோடு விட்டுவிட்டுப் போக வேண்டும். மாட்டிக்கொண்டேன்.

முதலில் நிற்கப் பழக்கினார்கள். வாளைத் தோளுக்கு மேல் தூக்கினால் அது 'கூரை'. தலைக்குப் பக்கத்தில் கொம்பு மாதிரி நீட்டினால் 'எருது'. இடுப்போரம் பிடித்து முனையை மேலே காட்டினால் 'கலப்பை'. முனையைத் தரைப்பக்கம் தொங்கவிட்டு ஒன்றுமே தெரியாதவன் போல நின்றால் அதற்குப் பெயர் 'முட்டாள்'. எதிராளி அதை நம்பிப் பாய்ந்து வந்து மாட்டிக்கொள்வானாம். அந்தக் காலத்து ஜெர்மன் வாள்வித்தைச் சுவடியில் படம் போட்டிருக்கிறது. முதல் மூன்றும் எனக்கு வரவில்லை. நான்காவதைப் பார்த்த டீட்லிண்டே, "அடேயப்பா, பிறவியிலேயே வந்திருக்கே!" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

முகமூடிக்குள்ளிருந்து வால்புர்கா, "கல்யாணமான நாள்லேர்ந்து பார்க்கிறேன், அவன் நிக்கிறதே அப்படித்தான்" என்றாள்.

மூன்று நான்கு வாரம் போனது. போன வியாழன் எங்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். மோதிய இரண்டு வாளும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நின்றன. அந்த நிலையில், எதிராளி கை முறுக்கியிருக்கிறதா இளகியிருக்கிறதா என்று வாள் வழியாகவே உணர வேண்டுமாம். நான் உணர முயன்றுகொண்டிருந்தபோது அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எக்கஹார்ட், ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கேன்."

"நம்ம வீட்டுக்கு என்ன குறை?"

"நமக்கில்லை. எனக்கு."

என் வாள் தானாகத் தரையைப் பார்த்துத் தொங்கிவிட்டது. "பாருங்க, பாருங்க, முட்டாள்!" என்று டீட்லிண்டே பரவசமாகக் கத்தினாள். வால்புர்கா கூரையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தாள். நான் முகத்தை மறைத்துக்கொள்ளத்தான் வாளோடு கையைத் தூக்கினேன். அவள் வாள் என் கட்டைவிரலில் பட்டுச் சறுக்கி விலக, என் வாள் முனை அவள் முகமூடியில் போய் நின்றது. கூடமே கை தட்டியது. புள்ளி எனக்குக் கிடைத்தது. வீடு அவளுக்கு.

பிறகு பக்கத்து விடுதியில், வினிகரில் வெந்த சாசேஜை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எந்தக் குறையும் வைக்காமல் உதவிதானே செய்துவந்தேன் என்று கேட்டேன்.

"உதவியா? ஆபீஸ்ல இருந்தவரைக்கும் நிலத்தை அளந்தே. இப்போ என்னை அளக்கிறே."

"நீ சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். நீ தட்டு அடுக்கிக்கிட்டிருந்தே." அவள் பியர்க் குவளையைத் தள்ளி வைத்தாள். "அங்க என்னை அடிக்க வர்றவங்ககூட முதல்ல வாளைத் தூக்கி மரியாதை செஞ்சுட்டுத்தான் அடிக்க வர்றாங்க, எக்கஹார்ட்."

சாசேஜில் வெங்காயம் போதவில்லை என்று சொன்னேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வினிகர் நெடியாக இருக்கலாம்.

ஆகவே மைத்துனரே, ஈஸ்டருக்குத் தாங்கள் அவசியம் வர வேண்டும். மூத்தவர் என்ற முறையில் அவளை உட்காரவைத்து, இந்த வயதில் வாளும் வேண்டாம், தனி வீடும் வேண்டாம் என்று கண்டித்துச் சொல்ல வேண்டும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். தங்கள் இல்லத்தில் அனைவருக்கும் என் அன்பு. இடுப்பு குணமாகி நெடுநாள் நிமிர்ந்து நடக்க வாழ்த்தும்,

எக்கஹார்ட்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்க மறந்து இரண்டு வாரமாகிவிட்டது. அதற்குள் அவள் குடிபோய்விட்டாள். இந்த வியாழன் வகுப்பு முடிந்ததும், "சூப் வச்சிருக்கேன், வர்றியா?" என்று கேட்டாள். போனேன். மணியடித்துவிட்டு வாசலில் நின்றேன், அவளே வந்து கதவைத் திறந்தாள். நான் கழற்றிய கோட்டைக்கூட வாங்கி ஆணியில் மாட்டினாள். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வியாழனும் வரச் சொல்லியிருக்கிறாள். ஆகவே தாங்கள் தயவுசெய்து வர வேண்டாம். தாங்கள் பேசி, அவள் மனம் மாறி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டால், அப்புறம் என்னை யார் சாப்பிடக் கூப்பிடுவார்கள்?