ஐயய்யோ பாய் மாட்டிய கியர் ஒயர்

மதுரை ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஐயய்யோ பாய் மாதிரி பயந்த சைக்கிள் மெக்கானிக் ஒருத்தர் அகப்பட மாட்டார். திண்டுக்கல் பேகம்பூரில் கடை. டியூபுக்குக் காற்று அடிக்கும்போதே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். பஞ்சருக்கு வண்டியை விட்டால், "ஐயய்யோ தம்பி, இதுலயா ஏறி வந்தீங்க?" என்று ஆரம்பிப்பார். அப்புறம் வீடு வரை வண்டியை உருட்டிக்கொண்டுதான் போவோம். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவரிடம் என் ரேஸ் சைக்கிள் மாட்டிக்கொண்டது. மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. வளைந்த ஹேண்டில்பார், பின்னால் சின்னதும் பெரிசுமாய் அடுக்கிய பல்சக்கரம். கியர் ஒயர் அறுந்ததில் செயின் சின்னப் பல்லில் விழுந்துவிட்டது. மிதித்தால் மாவாட்டுகிற கனம். புது ஒயர் மதுரையிலிருந்து வந்து ஒரு வாரமாகியும் பாய் மாட்டவில்லை.

"இழுத்துக் கட்டுறப்ப சுண்டிக்கிட்டு வந்து கண்ணுல அடிச்சா? செயின் சக்கரத்துப் போக்ஸ் கம்பிக்குள்ள போயிட்டா? நினைச்சா தூக்கமே வரல தம்பி."

அது ஆடி மாசம். தலைப்பிரசவத்துக்கு என் மனைவி ஆயக்குடியில் தாய்வீட்டில் இருந்தாள். காலை பஸ்ஸில் வந்து இறங்கிய அந்த ஊர்க்காரர் ஒருவர், "ஏனுங்க மாப்பிள்ளை, ராத்திரியிலிருந்து வலிங்க. புள்ளை திரும்பலைன்னு மருத்துவச்சி பயப்படுறாங்க. வெரசா வாங்க" என்றார். அடுத்த பஸ் சாயங்காலம்தான். மேற்கேயிருந்து எதிர்காற்று ஆளைத் தள்ளுகிறது. கியர் இல்லாமல் மிதிக்க முடியாது. பாய் கடைக்கு ஓடினேன்.

"பாய், வீட்டுல பிரசவ வலி, புள்ளை திரும்பலையாம். அவளுக்கு ஏதாவது ஆயிட்டா..." புது ஒயரை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"ஐயய்யோ!" என்றார். ஆனால் எழுந்துவிட்டார். பின்சக்கரத்தைக் கடை வாசல் வேப்பங்கிளையில் கயிறு போட்டுத் தூக்கினார். ஒயரை அதன் குழல் உறைக்குள் விட்டால் பாதியில் நின்றது. அளவுக்கு வெட்டின இடத்தில் உறையின் வாய் நசுங்கியிருந்தது. அரத்தால் ராவித் திறந்தார். இழுத்து முடுக்கினார். என்னைக் கியர் பிடியை இழுக்கச் சொல்லிவிட்டு, தான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நீளக் குச்சியால் பெடலைச் சுற்றினார். செயின் பெரிய பல்லில் ஏறியது. அதற்கும் பயந்தார்.

"புது ஒயர் தொய்யும் தம்பி. செத்த நேரம் ஓட்டிட்டுத் திரும்பக் கொண்டாங்க, முடுக்கித் தாரேன்." இது அவர் கடைச் சட்டம். முடுக்காமல் எந்த ஒயரையும் விடமாட்டார்.

"ஆயக்குடி போறேன் பாய், எங்கிட்டுத் திரும்புறது?"

தலையில் கைவைத்துக்கொண்டார். அப்புறம் கடையைச் சாத்தி, ஸ்பேனரை இடுப்பில் செருகி, தன் ஓட்டைச் சைக்கிளை எடுத்தார். ரோட்டைத் தாண்டவே ஆள் துணை தேடுகிற மனுஷன்!

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் அவர் பயந்தபடியே ஒயர் தொய்ந்துவிட்டது. பிடியை முழுக்க இழுத்தும் செயின் ஏறவில்லை. காற்றுக்கு எதிரே வண்டி நகரமாட்டேன் என்கிறது. பாயோ வெகு தூரம் பின்தங்கிவிட்டார். ரோட்டோரம் நின்று அழுதேவிட்டேன்.

பின்னால் ஒரு லாரி. லாரிக்கு முன்னால் பாய்! ஹாரனுக்குப் பயந்து மிதித்த மிதியில் என்னையும் தாண்டிப் போய்த்தான் நின்றார். ஓடிவந்து ஒயரை முடுக்கினார். "ஏறுங்க தம்பி. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

வழியெல்லாம் என் மனசுக்குள் இருந்ததை அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். "புள்ளை திரும்பியிருக்குமா? தாய்க்கு ஒண்ணும் ஆகியிருக்காதே?"

"வாயை மூடுங்க பாய்!" என்று கத்தினேன். மூடிக்கொண்டார். அது இன்னும் பயமாக இருந்தது.

"பேசிக்கிட்டே வாங்க பாய்" என்றேன்.

ஆயக்குடியில் மாமியார் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். பெண் குழந்தை. தாயும் சுகம். பாய் அப்படியே தரையில் உட்கார்ந்து விசும்ப ஆரம்பித்தார்.

மாமனார் என் காதருகே வந்தார். "யாருங்க மாப்பிள்ளை இவரு?"

கியர் ஒயர் மாட்டினவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எங்க அண்ணனுங்க" என்றேன்.