பத்துப் பேருக்கு மேல்

எந்த வரைபடத்திலும் தேடிக் களைக்க வேண்டாம். கொன்றையம்பதி அங்கே இல்லை. அந்த நகரத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேயராக இருப்பவர் ஆண்டுதோறும் ஆவணி முதல் நாள், சாதாரண ஜனங்களைப் போலப் பஸ் பிடித்து, காலை எட்டு மணிச் சங்கு ஊதுமுன் நகர்மன்ற வாசலில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலி போச்சு. பஸ்ஸை ஒழுங்காக ஓடவைப்பவருக்குத்தான் ஊரை ஆளத் தெரியும் என்பது முன்னோர் கணக்கு.

தங்கபுஷ்பத்துக்கும் அதே சங்குதான். பஞ்சாலையில் நூல் சுற்றுகிறவள். சங்கு ஊதினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். முப்பது நாளைக்குள் மூன்று முறை சாத்திய கேட்டின்முன் போய் நின்றால் வேலை காலி. அவள் ஏற்கெனவே இரண்டு முறை நின்றாயிற்று.

எல்லாம் மேயர் நித்தியசீலரின் சீர்திருத்தங்களால் வந்த வினை. பஸ்ஸில் உட்கார இடமில்லை என்று ஜனங்கள் புலம்பினார்கள். இருக்கைகளைக் கழற்றச் சொன்னார். அப்புறம் யார் இடம் கேட்பார்கள்? நேரத்துக்கு வருவதில்லை என்றார்கள். நிறுத்தங்களிலிருந்த நேரப் பலகைகளை எடுத்துவிட்டார். பிதுங்கி வழியும் பஸ் நகரின் அழகைக் கெடுக்கிறது என்று கடைசியாக ஓர் ஆணை பிறந்தது. பத்துப் பேருக்கு மேல் காத்திருக்கும் நிறுத்தத்தில் பஸ் நிற்கக் கூடாது.

ஜனங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? பத்துப் பேர் சாதுவாக நிற்பார்கள். மற்றவர்கள் புளியமரத்துக்குப் பின்னால் பதுங்குவார்கள். பஸ் நின்றதும் பாய்ந்து ஏறுவார்கள்.

ஆவணி முதல் நாள் தங்கபுஷ்பம் மரத்துக்குப் பின்னால் இருந்தபோது மேயர் வந்தார். மாலை, மேளம், அதிகாரிகள் என்று கூடவே நாற்பது பேர். அவள் மறைவிலிருந்து ஓடி வந்தாள்.

"அய்யா, உங்களோட ஒம்பது பேரு மட்டும் நில்லுங்க. மிச்ச ஆளுங்க மரத்துக்குப் பின்னால போயிரட்டும். இல்லன்னா பஸ் நிக்காது!"

"மரத்துக்குப் பின்னாலயா? நான் போக்குவரத்துச் செயலாளர்ம்மா!" என்று சீறினார் ஏகாம்பரம்.

மாலை பிடித்திருந்தவர், தாம் இல்லாவிட்டால் படம் எடுபடாது என்றார். யார் ஒளிவது என்று வாக்குவாதம் முற்றி, அதற்கொரு குழு அமைக்கலாம் என்று முடிவானபோது பஸ் வந்துவிட்டது. ஓட்டுநர் ஆணையை மதிக்கிற மனிதர். தலைகளை எண்ணினார். மேயருக்குப் பணிவாக ஒரு கும்பிடு போட்டார். நிறுத்தாமல் போய்விட்டார்.

சங்கு ஊதியது.

மேயர் ஒரு கணம் வியர்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"செயலாளரே, எழுதிக்கொள்ளும். இன்று முதல் மேயர் எங்கே நிற்கிறாரோ, அதுவே நகர்மன்ற வாசல்."

நாற்பது பேரும் கைதட்டினார்கள். மேயர் குறித்த நேரத்தில் வந்துசேர்ந்துவிட்டார் என்று மேளம் முழங்கியது. மாலையும் விழுந்தது.

தங்கபுஷ்பம் செயலாளர் முன்னால் போய் நின்றாள்.

"அய்யா, எழுதுறதோட எழுதுறதா இன்னொரு வரியும் சேத்துருங்க. நான் நிக்கிற எடம்தான் பஞ்சாலை வாசல்னு."

"அதெல்லாம் விதியில் இடமில்லம்மா," என்றார் ஏகாம்பரம்.

மேயர் மனமிரங்கினார். "கவலைப்படாதீங்க தாயீ. அடுத்த பஸ்ல போயிருங்க."

"நீங்க இங்கன நிக்கிற வரைக்கும் எந்த பஸ்ஸும் நிக்காதுய்யா," என்றாள் தங்கபுஷ்பம்.