சீல் வைத்த பியானோ

நடுத்தர வயதில் ஒருவர் பியானோ கற்கத் திரும்புவது சட்டப்படி குற்றமல்ல. கூடுவாஞ்சேரியில் எங்கள் ‘வெனிஸ் கார்டன்ஸ்’ அடுக்ககத்தில் இதுவே மோஸ்தர். ஏரியைத் தூர்த்துக் கட்டியதால் மழைக்காலத்தில் பெயருக்குப் பொருத்தமாக இருக்கும் குடியிருப்பு. இங்கே ஆளாளுக்கு விட்டதை மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மேல்வீட்டு சத்யப்ரியா வங்கி அதிகாரி. பத்தாம் வகுப்பு வந்ததும் பாட்டு, நடனம், பியானோ அனைத்தையும் மூடிவைப்பது நம் குடும்பங்களின் வழக்கம். ‘பரீட்சை முடியட்டும்’ என்று அவர் அப்பா மூடியதை, தன் பிள்ளைகளின் பரீட்சைகளும் முடிந்த பிறகுதான் அவரால் திறக்க முடிந்தது. மெல்போர்னில் இருக்கும் நிஷா என்ற ஆசிரியை ஆன்லைனில் கற்றுக்கொடுத்தார்.

சத்யப்ரியாவுக்கு ஒரே ஒரு குறை. “நான் நல்லா வாசிக்கிறேனா இல்லையான்னு யாராவது உண்மையைச் சொன்னாப் போதும்” என்பார். கேட்டால், கணவர் இளமாறன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல் “நல்லாதாம்மா இருக்கு” என்பார். பாவம், அப்போது பெரும்பாலும் சத்யப்ரியா வாசிக்கத் தொடங்கியே இருக்கமாட்டார்.

இந்நிலையில், இல்ல ஓசை முறைப்படுத்தும் அலுவலகத்திலிருந்து ஏகநாதன் என்ற ஆய்வாளர் வந்து விதியைப் படித்தார். வீட்டில் எழும் இசை ரசித்துக் கேட்கும்படி இருந்தால் அது கச்சேரி. கச்சேரிக்குத் தீயணைப்பு அனுமதி, ரசிகர்களுக்கு வாகன நிறுத்தம், கழிப்பறை எல்லாம் வேண்டும். இல்லையேல் கருவிக்கு சீல். கேட்கும்படி இல்லாவிட்டால் அது பயிற்சி. பயிற்சிக்கு அரசின் முழு ஆதரவு உண்டு.

சத்யப்ரியா வாசித்துக் காட்டினார். திரையிலிருந்து நிஷா, “வாவ்! அமேசிங்!” என்றார்.

ஏகநாதன் நிமிர்ந்தார். “மேடம், உங்க டீச்சரே அமேசிங்னு சொல்றாங்க. அப்போ இது கச்சேரிதானே?”

“அவங்க எல்லாத்துக்கும் அப்படித்தான் சார். நேத்து நெட் போயிடுச்சு, நான் வாசிக்கவே இல்ல. திரும்ப வந்ததும் அதுக்கும் சூப்பர்னாங்க.”

ஐயம் தீர, ஆய்வாளர் தம் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் கட்டைகள் மேல் வைத்தார்.

“லவ்லி!” என்றார் நிஷா. “இன்னிக்குத்தான் அந்த ஃபீல் வந்திருக்கு!”

ஆசிரியையின் சாட்சியம் தள்ளுபடியானது. ‘கேட்கும்படி இல்லை, அனுமதிக்கலாம்’ என்று உத்தரவு பிறந்தது. முன்னேற்றம் எதுவும் ஏற்படவில்லை என்பதை உறுதிசெய்ய மாதந்தோறும் வருவதாகச் சொல்லிவிட்டு ஏகநாதன் கிளம்பினார்.

ஆனால் சத்யப்ரியா முன்னேறித் தொலைத்தார். மின்பியானோ என்பதால், ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரகசியமாக நன்றாக வாசிப்பார். ஆய்வு நாளில் வெளிப்படையாகக் கெடுத்து வாசிப்பார். எங்கே எப்படித் தவறுவது என்பதற்குத் தனியாக ஒத்திகை பார்த்தார். அதற்கும் நிஷா அமேசிங் என்றார்.

ஒருநாள் ஏகநாதன் பாதியில் கையை உயர்த்தினார்.

“நிறுத்துங்க மேடம். முன்னெல்லாம் தெரியாம தப்பு பண்ணீங்க. இன்னிக்குத் தெரிஞ்சு பண்றீங்க.”

“இல்ல சார், எனக்கு உண்மையாவே வரல.”

“தப்பு மட்டும்தான் தப்பா கீது. தாளம் ஒரு எடத்துலயும் வுழல. இவ்ளோ கரெக்டா தப்பு பண்ண நல்லா வாசிக்கிறவங்களாலதான் முடியும். மாசாமாசம் கேட்டுகினு இருக்கேனே, எனக்குத் தெரியாதா? ஒருவாட்டி ஒயுங்கா வாசிங்க.”

வாசித்தார். முதல் சுரத்திலிருந்து கடைசி வரை, இரண்டு கைகளாலும். ஏகநாதன் பேனாவைத் திறந்தவர் எழுத மறந்து உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ரொம்ப நல்லா கீது மேடம்” என்றார். பிறகு பையிலிருந்து துணியையும் அரக்கையும் எடுத்து முறைப்படி சீல் வைத்தார்.

சத்யப்ரியா அழுதார். சீல் வைத்ததற்காக இல்லை. “நல்லா இருக்குன்னு சொன்னாரு, பார்த்தீங்களா? முழுசா கேட்டுட்டுச் சொன்னாரு!” என்று என் மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த நாட்டில் ஒருவர் வாசிப்பதைக் கடைசிவரை கேட்க ஓர் அலுவலகம் தேவைப்படுகிறது என்பதை நினைத்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

செய்தி பரவியது. அரசாங்கமே ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னதற்கு சீலைவிடப் பெரிய சான்று ஏது? மறுவாரமே எங்கள் சங்கச் செயலாளர் எத்திராஜ், தம் பேத்தியின் வயலினோடு அலுவலக வாசலில் வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் வீணை, மிருதங்கம், இரண்டு கீபோர்டு. வீட்டுக்கு வீடு வரவேற்பறையில் தொலைக்காட்சி இருந்த இடத்தில் இப்போது அரக்கு வைத்த கருவிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. போன மாதம் பி பிளாக்கில் ஒரு வரன் அமைந்தது. பெண் வீட்டார் முதலில் காட்டியது சீல் வைத்த வீணையைத்தான். பெண்ணைப் பிறகுதான் காட்டினார்கள்.

இன்று வெனிஸ் கார்டன்ஸில் எல்லோரும் கலைஞர்கள். மாலை நேரத்தில் குண்டூசி விழுந்தால் கேட்கும்.

என் வீட்டில்தான் மானம் போகிறது. என் மகள் அனுப்பிரியாவின் கிடாரை ஏகநாதன் மூன்று முறை கேட்டுவிட்டு, ‘பயிற்சி’ என்று எழுதிப் போய்விட்டார். அவள் கவலையே இல்லாமல் தினமும் வாசித்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் நான் ஜன்னல்களைச் சாத்திவிடுகிறேன்.